கூண்டுப் பறவையும் இளஞ்செடியும்

செய்யுளில் அமைந்த அணி, மேனியிற் பூட்டிய நகை போன்றதோ, உடலோடு பிறந்த உறுப்புப் போன்றதோ என்பது இலக்கியம் பயில்வோர் ஒவ்வொருவரும் ஒருகாலேனும் தம்முள் வினவிக்கொள்ள வேண்டிய வினாவாகும். நகையாயின், அதைக் கழற்றி வைத்துவிட்டும் செய்யுளின் பொருளைக் காணலாம். உறுப்பாயின், அதைக் கழற்றுங்கால் பொருளும் உடன் கழன்றுவிடும். நம் கலாசாலைகளில் ஆங்கிலச் செய்யுள் பயிலப்படும் முறையை உற்று நோக்குவார்க்கு, நாம் அணியை நகையெனவே கொண்டு ஒழுகுகின்றோம் என்பது புலனாகும். இன்ன அடியில் உவமை, இன்ன அடியில் உருவகம், இன்ன அடியில் விளி எனப் பட்டியல் வகுத்து, அதனை நெட்டுருச் செய்து, பரீட்சைத் தாளில் இறக்கி வைத்துவிட்டு வெளியேறுகின்றோம். இம்முறை எத்துணைக் குறையுடையது என்பதைக் காட்டுதற்கு வில்லியம் பிளேக் என்னும் ஆங்கிலக் கவிஞர் இயற்றிய ‘பள்ளிச் சிறுவன்’ என்னும் சிறு பாடலினும் ஏற்றதொரு சான்று கிடைத்தல் அரிது. மகிழ்ச்சியற்ற படிப்பைக் குறித்து ஒரு சிறுவன் வருந்திப் பாடும் பாட்டை நாம் மகிழ்ச்சியின்றிப் படித்து ஒப்பிக்கின்றோமாயின், அதனினும் இரங்கத்தக்கது வேறு யாதுளது?

பிளேக் 1757-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். அவர் தந்தையார் காலுறை விற்கும் வணிகர். எழுதவும் படிக்கவும் கற்றபின் பெற்றோர் அவரை ஏனைச் சிறுவரைப்போல் பள்ளிக்கு அனுப்பிலர். வீட்டிலேயே அவர் கல்வி நடைபெற்றது. பத்தாம் வயதில் ஹென்றி பார்ஸ் என்பவர் நடத்திய சித்திரப் பள்ளியிற் சேர்ந்தார். 1772-இல் ஜேம்ஸ் பசயர் என்னும் செப்புத்தகட்டுச் சித்திரக்காரரிடம் ஏழாண்டுக் காலத்திற்குத் தொழில் பயில அமர்ந்தார். அத்தொழிலே பின்னர் அவர்தம் கவிதைக்கும் துணையாயிற்று. பாட்டின் எழுத்தையும் அதனைச் சூழ்ந்த ஓவியத்தையும் ஒரே செப்புத் தகட்டில் அமைத்துத் தாமே அச்சிட்டு, மனைவியார் காதரீனின் துணையுடன் கையால் வண்ணம் தீட்டி நூலாக்கினார். இவ்வாறு 1789-இல் வெளிவந்ததே ‘களங்கமின்மைப் பாடல்கள்’ என்னும் நூல். 1794-இல் ‘அனுபவப் பாடல்கள்’ அதனோடு சேர்ந்தன. நாம் ஆராயப் புகுந்த பாடல் முதலில் களங்கமின்மைப் பகுதியில் நின்று, பின்னாளில் அனுபவப் பகுதிக்கு ஆசிரியராலேயே மாற்றப்பட்டது. களங்கமற்ற சிறுவன் முதன்முதல் அனுபவம் என்னும் கசப்பை நுகரும் இடம் பள்ளியே என்று அவர் பிற்காலத்திற் கருதினார்போலும். பள்ளியின் பிரம்பை அறியாத ஒருவர் பள்ளிச் சிறுவன் துயரைப் பாடினார் என்பது முதற்கண் வியப்பாகத் தோன்றலாம். வெளியே நின்றவர்க்குக் கூண்டின் வடிவம் முழுதும் தெரிந்தது என்பதே அதற்குத் தக்க விடையாகும்.

பாடல் ஐந்தடிச் செய்யுள் ஆறினால் ஆயது. அதன் பொருளைச் சுருங்கக் கூறுவாம். வேனிற்காலத்து வைகறையில் துயிலெழுதல் சிறுவனுக்கு உவப்பானது. மரந்தோறும் புட்கள் பாடுகின்றன, சேய்மையில் வேட்டுவன் கொம்பு ஊதுகின்றான், வானம்பாடி அவனோடு சேர்ந்து இசைக்கின்றது. அதே காலையில் பள்ளிக்குச் செல்லவேண்டும் என்னும்போது உவகையெல்லாம் ஓடிவிடுகின்றது. அங்கே கொடியதொரு பார்வையின்கீழ்ச் சிறுவர் பெருமூச்செறிந்து பகலைக் கழிக்கின்றனர். அவன் வாடி அமர்ந்திருக்கின்றான், புத்தகத்திலும் இன்பமில்லை. பின்னர்க் கூண்டிலடைபட்ட பறவையைக் குறித்து வினவுகின்றான். அதன்பின் தாய் தந்தையரை விளித்து, அரும்பு கிள்ளப்பட்டு மலர் உதிர்ந்தால் கனி எங்ஙனம் தோன்றும் என்றும், துயரம் அழித்ததை எங்ஙனம் அறுவடை செய்வது என்றும், குளிர்காலக் கடுங்காற்று வருங்கால் என் செய்வது என்றும் கேட்டு முடிக்கின்றான். இவ்வளவே பாட்டு.

முதற் செய்யுளில் அணி யாதும் இல்லையென்று நம் குறிப்பேடுகள் கடந்துவிடுவது வழக்கம். தமிழணி நூலார் அங்ஙனம் கடந்திலர். உள்ளதை உள்ளவாறே கண்முன் நிறுத்துதலையும் ஓர் அணியெனக் கொண்டு, தண்டியலங்காரத்தார் தாம் வகுத்த 35 பொருளணிகளுள் தன்மையணியை முதற்கண் வைத்தனர். பிளேக்கின் முதற் செய்யுள் அத்தன்மையணிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஈண்டுத் தமிழ் மாணவர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். ஆங்கில நாட்டு வேனில் நம் நாட்டுக் கோடையைப்போல் வருத்துவதன்று. நெடுங் குளிருக்குப்பின் வந்து சில திங்களே தங்கும் விருந்து. ஜூன் மாதத்தில் லண்டனில் கதிரவன் இயற்கை நேரப்படி நான்கு மணிக்கு முன்னரே உதித்துவிடும். அத்தகைய காலைப் பொழுதைப் பள்ளியறையிற் கழித்தல் எத்துணை இழப்பு என்பதை உணர்ந்தாலன்றி இப்பாட்டின் ஏக்கம் விளங்காது. வேனிற்காலை என்னும் சொற்றொடர் முதற் செய்யுளிலும் இரண்டாஞ் செய்யுளிலும் ஒருங்கே வருகின்றது. சொல்லும் ஒன்றே, பொருளும் ஒன்றே. ஆயினும் முன்னதில் அது வரவேற்பு, பின்னதில் அது வதை. பின்வருநிலையணி என்று பெயர் மட்டும் எழுதி அமைவோமாயின், பொழுது மாறாதிருக்கச் சிறுவன் உள்ளம் மாறிய அவ்வேறுபாட்டை இழந்தவராவோம்.

இரண்டாஞ் செய்யுளில் வரும் கொடிய கண் என்பது என்னை? உபாத்தியாயர் கொடியவர் என்று கவிஞர் கூறவில்லை. உபாத்தியாயர் என்ற சொல்லே பாட்டில் யாண்டும் இல்லை. முழு மனிதருக்கு ஈடாக ஒரு கண் மட்டும் நிற்கின்றது. இலக்கணத்தில் இது சினையாகுபெயர். சிறுவனுடைய நோக்கில் ஆசிரியர் என்பார் அன்புடைய நெஞ்சமோ, கற்பிக்கும் நாவோ, வழிகாட்டும் கையோ அல்லர். தன்னை இமையாது காவல்புரியும் கண் ஒன்றே ஆவர். கண்ணைச் சொல்லிப் பிரம்பைச் சொல்லாமையும் கருதத்தக்கது. அடியைக்காட்டிலும் அடி விழும் என்னும் அச்சமே நாள் முழுதும் நீடிப்பது. இங்கிலாந்தில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசாங்கப் பொருளுதவி பெறும் பள்ளிகளில் பிரம்படி விலக்கப்பட்டது. 1987-இல் அது நடைமுறைக்கு வந்தது. பிளேக் பாடி ஏறத்தாழ இருநூறாண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது. கையிலுள்ள பிரம்பைச் சட்டம் பறிக்கலாம். கண்ணிலுள்ள கொடுமையைப் பறிக்கவல்ல சட்டம் யாண்டுளது? ஒரு சொல்லில் அமைந்த ஆகுபெயர் இத்துணைப் பொருளைத் தாங்கி நிற்றலின், அதை ஆபரணம் என்று எண்ணுதல் தகாது.

மூன்றாஞ் செய்யுளில் இரண்டு உருவகங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கல்வி ஒரு பூம்பந்தராகவும், பாடம் ஓயாத மந்தமழையாகவும் கூறப்பெறுகின்றன. நம்மிற் பலர் இப்பாடலைக் கல்விக்கு எதிரான பாடல் என்று கருதுவர். அக்கருத்தை இப்பந்தர் உருவகம் ஒன்றே மறுத்துவிடும். கல்வி பாலைவனம் என்றோ இருட்குகை என்றோ சிறுவன் சொன்னானில்லை. அது பூம்பந்தர் என்பதை அவன் ஒப்புக்கொள்கின்றான். அதன்கீழ் அமர முடியவில்லையே என்பதுதான் அவன் முறை. புத்தகத்தில் இன்பம் காண இயலவில்லை என்று வருந்துகின்றவன், இன்பம் அங்கே இருக்கக்கூடும் என்பதை அறிந்தவன் அல்லனோ? மழை உருவகமும் இத்தகையதே. செடிக்கு மழை பகையன்று, உயிர். அதுவே இடைவிடாது பொழிந்து வேரை அழுகச் செய்யுமாயின் கேடாகும். ஐந்தாஞ் செய்யுளில் சிறுவர் இளஞ்செடிகளாகப் போகின்றனர் என்பதை மனத்திற் கொண்டு மூன்றாஞ் செய்யுளின் மழையை மீண்டும் நோக்கினால், ஊட்டுவதே வாட்டுவதாக மாறிய கொடுமை தெளிவாகும்.

இனி, பலரும் அறிந்த பறவை உவமைக்கு வருவாம். இன்பத்திற்கெனப் பிறந்த பறவை கூண்டிலிருந்து எவ்வாறு பாடும் என்பது ஒரு வினா. அச்சம் வருத்தும் குழந்தை தன் மெல்லிய சிறகைத் தொங்கவிடாமல் என்செய்யும் என்பது அடுத்த வினா. போல என்னும் உருபு இடையில் இல்லை. இரண்டு வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டு, ஒப்புமை காணும் பொறுப்பு நம்பால் விடப்படுகின்றது. நம் அணியிலக்கணத்தார் இதனை எடுத்துக்காட்டுவமை என்பர். ஆயின் இரண்டாவது வினா முடியுமுன்னரே குழந்தைக்குச் சிறகு முளைத்துவிடுகின்றது; உவமை உருவகமாகின்றது. முதற் செய்யுளில் வானம்பாடியோடு ஒத்துப் பாடியவனே இவன் என்பதை நினைவு கூர்க. அங்கே அவன் பறவையின் தோழன். இங்கே அவனே பறவை. தோழமையாயிருந்த காலத்தில் இருவரும் பாடினர். ஒருமையான காலத்தில் பாட்டில்லை.

இவ்விடத்தே ஒருவர் தடை எழுப்பலாம்: ‘கூண்டுப் பறவை பாடாது என்பது உண்மையன்றே! ஆங்கிலேயர் இல்லங்களிலே வானம்பாடிகளையும் பிற புட்களையும் கூண்டிலிட்டு வளர்த்ததே அவை பாடும் என்பதற்காகவன்றோ?’ இத்தடை வலியுடையது. இதனை மறைத்தல் முறையன்று. கூண்டுப் பறவை பாடத்தான் செய்யும். ஆயின் அப்பாட்டினால் மகிழ்பவர் கூண்டுக்கு உரியவரே. பறவை மகிழ்கின்றது என்பதற்கு அப்பாட்டுச் சான்றாகுமா? பள்ளியின் தேர்ச்சிப் பட்டியல் நீண்டிருப்பது, அங்குக் கற்றோர் கல்வியில் இன்புற்றனர் என்பதற்குச் சான்றாகாமை போல்வதே இதுவும். நம் நன்னூலார் மாணாக்கரின் தரத்தைப் பறவை, விலங்கு, பொருள்களால் உவமித்த இடத்தில், சொன்னதைச் சொல்லும் கிளியை இடை மாணாக்கருக்கு உவமையாக்கினார். நீரைப் பிரித்துப் பாலை உண்ணும் அன்னத்தையே தலை மாணாக்கருக்குக் காட்டினார். கிளியின் பேச்சும் பேச்சுத்தான். எனினும் அது தலையாய கல்வி அன்று. பிளேக்கின் வினாவிற்குப் பாடாது என்பது விடையன்று. இன்பத்திற்குப் பிறந்தது தன் பாட்டைப் பாடாது என்பதே விடை.

அடுத்து வருவது விளி. சிறுவன் யாரை விளிக்கின்றான்? தன்னை வருத்தும் ஆசிரியரை அன்று. தாயையும் தந்தையையும் விளிக்கின்றான். இவ்விளியின் குறிப்பை நாம் ஊன்றி நோக்குவதில்லை. கண்ணாக மட்டும் தோன்றிய ஒருவரிடம் பேசிப் பயனில்லை. அனுப்பியவரிடமே முறையிட வேண்டும். அன்பினாலேயே பெற்றோர் அவனை அனுப்பினர் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆதலின் அவன் குறை கூறவில்லை; அவர்கள் அறிந்த தோட்டத்து மொழியில் வினவுகின்றான். அரும்பு, மலர், இளஞ்செடி, கனி, அறுவடை, குளிர்க்காற்று என்பனவே ஈண்டுப் பேசப்படுகின்றன. குழந்தை என்னும் சொல் இப்போது அறவே மறைந்துவிட்டது. உவமானத்தைக் கூறி உவமேயத்தைக் குறிப்பால் உணர்த்தும் இதனை ஒட்டணி என்றும் பிறிதுமொழிதல் என்றும் கூறுவர். முதலிற் குழந்தையும் பறவையும் தனித்தனி நின்றன. பின்னர்க் குழந்தைக்குச் சிறகு வந்தது. இறுதியிற் குழந்தையே மறைந்து செடி மட்டும் எஞ்சியது. அணி ஒவ்வொரு படியாக இறுக இறுகச் சிறுவனின் குரல் தேய்ந்து, நான் என்று தொடங்கியவன் நாம் என்று முடிக்கின்றான். அறுவடை செய்யப்போகும் அந்த நாம் யாவர்? செடி தன் கனியைத் தானே கொய்வதில்லை. பெற்றோரும் ஊராரும் நாட்டாரும் கொய்வர். இழப்பு அவனுடையது மட்டுமன்று என்பதை இவ்வொரு சொல் அறிவித்துவிடுகின்றது.

இப்பாட்டின் இரு பேரணிகளான பறவையும் செடியும் ஒன்றையே கூறுகின்றன என்று பெரும்பாலோர் கொள்வர். அவை ஒன்றற்கொன்று மாறுபட்டவை என்பதே எம் துணிபு. கூண்டுப் பறவைக்கு வேண்டுவது கதவைத் திறத்தல் ஒன்றே. திறந்தபின் அதற்கு ஒருவர் துணையும் வேண்டா. இளஞ்செடிக்கோ வேலி வேண்டும், நீர் வேண்டும், களை பிடுங்கும் கை வேண்டும். பறவையை விட்டுவிடுவது அருள். செடியை விட்டுவிடுவது கொலை. பறவை உவமையோடு பாட்டு முடிந்திருக்குமாயின், பள்ளியை இடித்துவிடுக என்பதே அதன் முடிபாகியிருக்கும். செடி உவமை தொடர்ந்தமையின், தோட்டக்காரராக இருங்கள் என்று பெற்றோரை வேண்டுவதாக அது முடிகின்றது. ஜான் லாக் என்னும் அறிஞர் 1693-இல் வெளியிட்ட கல்வி நூலின் முடிவில் தாம் கருதிய சிறுவனை வெண்தாளுக்கும் விருப்பப்படி உருவாக்கத்தக்க மெழுகுக்கும் ஒப்பிட்டார். அவர் அடித்துக் கற்பித்தலை வெறுத்தவரே. ஆயினும் மெழுகுக்குத் தனக்கென ஓர் உருவம் இல்லை. பிரெஞ்சு நாட்டு ரூசோ 1762-இல் வெளியிட்ட ‘எமீல்’ என்னும் நூலின் தொடக்கத்தில், செடிகள் பயிர்த்தொழிலாலும் மக்கள் கல்வியாலும் உருப்பெறுகின்றனர் என்று கருதினார். மெழுகை நம்பும் ஆசிரியர் அச்சினை நாடுவார். செடியை நம்பும் ஆசிரியர் பருவத்தை நாடுவார். உவமை மாறின் பள்ளியும் மாறும்.

நூலின் ஓவியமும் எம் கருத்திற்கு அரண் செய்கின்றது. பாட்டெழுதிய தகட்டின் ஓரத்தே பின்னிப் படர்ந்த கொடியொன்றில் சிறுவர் ஏறுகின்றனர். அதன் உச்சியில் ஒருவன் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கின்றான். புத்தகத்தை வெறுத்த கவிஞராயின் அதைக் கொடியின் உச்சியில் வைத்திருப்பாரா? செடி, பறவையின் இருக்கை, பூம்பந்தர், நூல் ஆகிய அனைத்தும் அவ்வோவியத்தில் ஓரிடத்தே கூடிவிடுகின்றன.

எதிர்க்கட்சியார் கூற்றையும் கேட்டல் நன்று. பேரறிஞர் சாமுவேல் ஜான்சன் (1709–1784), தாம் இலத்தீனில் வல்லராயினமைக்கு ஆசிரியரின் பிரம்பைக் காரணமாகக் கூறியதாக பாஸ்வெல் என்பவர் 1791-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலே எழுதியுள்ளார். கவிஞர் கோல்ரிட்ஜின் சான்று இதனினும் நுட்பமானது. அவர் 1782 முதல் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் லண்டன் பள்ளியில் ஜேம்ஸ் பாயர் என்னும் கண்டிப்பான தலைமையாசிரியரிடம் பயின்றார். பிளேக்கின் பாடல் வெளிவந்த 1789-இல் அவர் அப்பள்ளி மாணவரே. 1817-இல் வெளியிட்ட தம் இலக்கிய வரலாற்று நூலில் அவ்வாசிரியரைப் பெரிதும் போற்றினார். போற்றியதற்குக் காரணம் என்னை? மாணவன் கட்டுரையில் பொருளற்ற அணியைப் பாயர் பொறுப்பதில்லை. யாழ் என்று எழுதினால் பேனாவும் மையும்தானே என்பார். கலைமகளின் ஊற்று என்று எழுதினால் பள்ளி முற்றத்துக் குழாயைத்தானே குறிக்கின்றாய் என்று எள்ளுவார். அணி பொருளிலிருந்து பிறக்கவேண்டும் என்னும் பாடத்தைக் கோல்ரிட்ஜ் அவரிடமே கற்றார். அங்ஙனம் நன்றி கூறிய அதே இடத்தில், அவ்வாசிரியரின் கடுமை முதிர்ந்த வயதிலும் தம் உறக்கத்தில் கனவாக வந்து வருத்துவதையும் அவர் மறைத்திலர்.

இச்சான்று எக்கட்சிக்கு உதவுகின்றது? கோல்ரிட்ஜ் நன்றி பாராட்டியது பாயரின் நாவிற்கு. கனவில் அஞ்சியது அவர் கண்ணுக்கும் கைக்கும். பொருளற்ற சொல்லை நகைத்து ஒதுக்கிய அறிவே மாணவனை வளர்த்தது. அவ்வறிவைத் தருதற்குப் பிரம்பு இன்றியமையாதது என்று காட்டினார் ஒருவரும் இலர். தேனும் நஞ்சும் ஒரே கிண்ணத்தில் வந்தமையால், பிழைத்தவர் சிலர் நஞ்சிற்கும் சேர்த்து நன்றி கூறினர். பிழையாதவரோ நூல் எழுதி முறையிட வந்திலர். கடுமையாற் சிறந்தோரை எண்ணும்போது, அதனால் உதிர்ந்த அரும்புகளையும் எண்ணவேண்டுமன்றோ? அவற்றை எண்ணுதற்கு வழியில்லை என்பதே பிளேக்கின் இறுதி வினாவின் உட்கிடை. துயரம் அழித்துவிட்டதை எவரும் கொய்து காட்ட இயலாது.

ஆதலின், மாணவ நண்பர்காள், இப்பாடலையும் இது போல்வனவற்றையும் பயிலுங்கால் அணியின் பெயரை அறிவதோடு அமையற்க. பெயரறிதல் வேண்டாவென்பது எம் கருத்தன்று. நோயின் பெயரறியா மருத்துவனும், அணியின் பெயரறியா இலக்கிய மாணவனும் தம் தொழிலில் நெடுந்தூரம் செல்லார். பெயரறிந்தபின், இவ்வணியை நீக்கினால் பாட்டின் வாதத்தில் எது வீழும் என்று வினவுக. கண்ணுக்கு ஈடாக ஆசிரியர் என்று வைத்துப் பார்க்க. பந்தரை எடுத்துவிட்டுப் பார்க்க. செடியைக் களைந்து பறவையை மட்டும் நிறுத்திப் பார்க்க. ஒவ்வொரு முறையும் பாட்டு வேறொன்றாக மாறுவதைக் காண்பீர்கள். அவ்வாறு ஒரு செய்யுளைத் தாமே ஆராய்ந்து கண்டவர், குறிப்பேட்டிலிருந்து நூறு அணிகளை ஒப்பித்தவரினும் மிக்க பயனடைந்தவராவர்.

ஆசிரியப் பெருமக்கட்கும் ஒரு விண்ணப்பம். உருவகம் யாது, விளி யாது என்று வினாத்தாளில் கேட்பதோடு, பறவையும் செடியும் ஒன்றையே வேண்டுகின்றனவா என்பது போன்ற ஒரு வினாவையேனும் சேர்த்துக் கேட்பீராக. அதற்கு ஒரே விடை இராது. திருத்துதற்குச் சற்று மிகுதியான நேரமும் ஆகும். ஆயினும் கிளிகளைப் பழக்கும் இடத்தில் அன்னங்கள் தோன்றுதற்கு வேறு வழியில்லை. இப்பாட்டின் சிறுவன் தன் தாய் தந்தையரைக் கேட்ட வினாவிற்கு அவர்கள் அளித்த மறுமொழியைப் பிளேக் எழுதிவைக்கவில்லை. அதனை அளிக்கவேண்டியவர் கற்பிக்கும் இடத்திலுள்ள நாமே.